முப்பத்தொன்றாம் கொக்கி

பலகையில் தொங்கிய நாற்பத்தெட்டு பித்தளை டோக்கன்களில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

கூரை ஒழுக்கு என்றுதான் சிவஞானம் முதலில் எடுத்துக்கொண்டார். மழைக்காலத்தில் இந்தத் தீவின் ஹேடோ துறைமுகத்தில் நனையாத பொருள் என்று எதுவும் கிடையாது. தீப்பெட்டி, தலையணை, அரசாங்கக் கோப்பு எல்லாமே தொட்டால் நாய் மூக்கு மாதிரித்தான் இருக்கும். அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் தகரத்தில் ஓட்டை இல்லை. பக்கத்து டோக்கன்கள் உலர்ந்துதான் கிடந்தன. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமலே ஈர விரலை நாக்கில் வைத்தார்.

மழைத் தண்ணீர் உப்புக் கரிக்காது.

எண் என்ன என்று அவர் பார்க்கவில்லை. நான்காவது வரிசையில் ஏழாவது கொக்கி. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு இடத்தை மட்டும் தாண்டித் தாண்டி எண்ணிப் பழகிய கண் அது.

சிவஞானம் அந்தக் கட்டடத்தின் பொறுப்பாளர். வாசலில் ஆள் உயர எழுத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் 'துறைமுக நகர வரலாற்று அருங்காட்சியகம்' என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பழைய மஸ்டர் ஷெட் என்றார்கள், ஏனென்றால் அது பழைய மஸ்டர் ஷெட்தான். துறைமுகக் கூலிகள் காலையில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் கொட்டகை. 1973-ல் டில்லியிலிருந்து ஒரு பெரியவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் சூப்பரிண்டெண்டெண்ட் ஜெகநாதனுக்கு வரலாற்றின் மீது திடீர்க் காதல் பிறந்தது. மூன்றே மாதத்தில் சுவருக்கு வெள்ளையடித்து வரலாற்றையும் சேகரித்து முடித்துவிட்டார். அதுவரை ஆபீஸ் பசுமாட்டைக் கட்டியிருந்த நங்கூரம் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்கப்பலின் நங்கூரம் ஆயிற்று. மரமில்லின் எடைக்கல் பீரங்கிக் குண்டாகப் பதவி உயர்வு பெற்றது. 'ஆங்கிலேயத் துரை அமர்ந்த நாற்காலி'யில் ஒன்பது வருஷம் அமர்ந்திருந்தவர் சிவஞானம். ஆடிய பின்காலைக் கம்பி சுற்றி நிமிர்த்தியதும் அவர்தான். அந்தக் கம்பிக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார்கள்: 'அக்காலக் கைவினை'. கடைசியில் டில்லிப் பெரியவர் வயிறு சரியில்லை என்று விருந்தினர் மாளிகையை விட்டு வெளியே வராமலே விமானம் ஏறிவிட்டார். வரலாறு மட்டும் மிஞ்சியது.

அவ்வளவு பொருள்களில் அசல் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டோக்கன் பலகை. அதன் கீழேதான் ஜெகநாதன் தம் கைப்பட எழுதிய வாசகம்: 'இப்பலகை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.'

பலகையின் சட்டம் எளிமையானது. பார்ஜில், அதாவது சரக்குத் தோணியில், ஏறப் போகிறவன் தன் எண் போட்ட டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். கொக்கி காலி என்றால் ஓர் ஆள் இன்னும் தண்ணீர் மேல் இருக்கிறான் என்று அர்த்தம். பலகை நிறையும்வரை டைம்கீப்பர் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒன்றாம் எண் டைம்கீப்பருடையது. அது கடைசியில் ஏறும். இருபது வருஷம் அதைக் கடைசியில் ஏற்றியவர் சிவஞானம்.

அந்தச் சட்டத்துக்குப் பிடிபடாத ஒரே ஆள் முப்பத்தொன்று. தூத்துக்குடிப் பக்கத்து மிக்கேல். கரைக்கு வந்ததும் டோக்கனை இடுப்பில் கட்டிய சாரத்து மடியிலேயே முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பாதி வழியில் ஞாபகம் வந்தால் திரும்பி வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்பான்: "அண்ணாச்சி, நம்ம டோக்கன மாட்டியாச்சா?" தன் மடியில் இருப்பதை அடுத்தவரிடம் கேட்கும் அவனை என்ன செய்வது? இவனோடு தினமும் மல்லுக்கட்ட முடியாது என்று சிவஞானம் பட்டறையில் சொல்லி முப்பத்தொன்றுக்கு ஒரு போலி டோக்கன் செய்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார். எது போலி என்று தெரிய, அதன் விளிம்பில் அரத்தால் ஒரு கீறல் போட்டார். மிக்கேல் மறந்துபோன நாளில் போலியை மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். மறுநாள் அசல் வந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது பலகையில் தொங்குவது அந்தப் போலிதான்.

இரண்டாம் நாள் அதில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தார். காவலாள் பழனிசாமி, சேலத்துக்காரர், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, இந்த ஊர்க் காற்றுக்குத் தங்கமே பச்சையாகிவிடும், பித்தளை எம்மாத்திரம் என்றார். மூன்றாம் நாள் விளிம்பில் பொரிபொரியாக என்னவோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். கொட்டலசு. படகின் அடிப்பலகையில், வருஷக்கணக்கில் கடலில் கிடந்த கட்டையில் ஒட்டுமே, அந்தச் சிப்பி. சுரண்டிய இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். முழு வட்டம் சுற்றி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

அரத்தின் கீறல் இல்லை.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மனைவி சந்திரமதி காரணம் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். பெரியவர்களுக்கெல்லாம் வயிற்றைச் சாக்குச் சொல்லும் வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவள் சொன்னாள்.

1961-ல் நடந்தது இவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பார்ஜு ஒன்று, 'லேடி ஹெலன்' என்று பெயர், ஓட்டை விழுந்து உதவாமல் கிடந்தது. உடைத்து விறகாக்கியிருக்கலாம். அப்போதிருந்த அதிகாரிக்கு அதில் ஒரு விழா தெரிந்தது. துறைமுக வாய்க்கு வெளியே இழுத்துப் போய் மூழ்கடிப்பது, 'அடிமைத்தனம் மூழ்குகிறது' என்று பேசுவது, பாண்டு வாசிப்பது. அன்று பகலெல்லாம் பன்னிரண்டு பேர் அதன் கீழறையைக் காலி செய்தார்கள். மிக்கேலும் ஒருவன். காலையிலேயே காய்ச்சல் என்று முனகிக்கொண்டிருந்தான். நாலரைக்குப் பதினோரு டோக்கன் ஏறியது. முப்பத்தொன்று காலி. மற்றவர்களைக் கேட்டதற்கு, அவன் முன்னாடியே வந்திருப்பான் என்றார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைக் காட்டினார். விருந்தாளிகள் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. பலகை நிறைந்தால்தான் இழுவைப் படகு கிளம்பும். அது பலகையின் சட்டம்.

சிவஞானம் மேஜையைத் திறந்தார். நாலு நாற்பதுக்குப் பலகை நிறைந்தது.

பார்ஜு கரையோரமாகக் கடந்து போனபோது பாண்டு பெருமுழக்கமாக வாசித்துக்கொண்டிருந்தது. அதில் ஓர் அடி கூடுதலாக விழுகிறது என்று அவருக்குத் தோன்றியது. தாளத்துக்குள் அடங்காத ஓர் அடி. டும், டும். கொஞ்சம் நிறுத்தி, டும். மேளக்காரன் குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று நாள் மிக்கேலைக் காணவில்லை. ரிஜிஸ்டரில் கரைக்கு வந்ததாக எழுதியிருந்தது. அன்று மாலை மெயின்லாண்டுக் கப்பல் புறப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான் என்று ஆபீஸ் முடிவு செய்தது. ஆபீஸ் முடிவு செய்ததை ஊரும் முடிவு செய்தது. சிவஞானத்துக்கு அடுத்த வருஷம் ஹெட் கிளார்க் வேலை கிடைத்தது.

அடிமைத்தனம் மூழ்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஜெகநாதன் அதையே பாரம்பரியம் என்று மறுபடி கட்டினார். கொட்டகையின் பின்மூலையில், பலகைக்கு எதிரே, படாக் மரப்பலகையில் லேடி ஹெலனின் கீழறை. ஓர் ஆள் குனிந்து நுழையும் கதவு, மேலே மூடி, உள்ளே ஒரு பல்பு. பழைய கடலோடிகள் பட்ட பாட்டை மக்கள் அனுபவித்துப் பார்க்க வேண்டுமாம். நுழைகிறவர் ஒரு டோக்கன் எடுத்துப் போய்த் திரும்பி வந்து மாட்ட வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். மாலையில் பலகை நிறைந்திருந்தால் பழனிசாமி பூட்டிவிடலாம்.

நவம்பர் இரண்டாம் தேதி, மழையோடு மழையாக ரோசலின் வந்தாள். மிக்கேலின் மனைவி. அன்று வந்த ஒரே பார்வையாளர் அவள்தான். நங்கூரத்தையும் நாற்காலியையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முந்தானையில் ஒரு மெழுகுவர்த்திக் கட்டைச் சுற்றி வைத்திருந்தாள். நேரே பலகை முன்னால் போய் நின்று, அந்தக் கொக்கியைத் தேடாமலே கையை வைத்தாள்.

"இதுதான அவுக நம்பரு."

சிவஞானம் தலையாட்டினார்.

"ஈரமா இருக்கு, அண்ணாச்சி."

அவள் விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே மூடிக்கொண்டாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். இன்று கல்லறைத் திருநாள். ஆறு மணிப் பூசையில் செத்தவர்கள் பெயரையெல்லாம் வாசிப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக மிக்கேல் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறாள், சாமியார் மறுக்கிறார். கரைக்கு வந்துவிட்டான் என்று ஆபீஸில் எழுதியிருக்கும்போது, உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி இறந்தோர் பூசை வைப்பது என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"ஒரு வரி எழுதித் தாங்க. அவுக வரலன்னு. அது போதும்."

"ரிஜிஸ்டர்ல நாலு நாப்பதுக்கு வந்ததா இருக்கும்மா," என்றார் சிவஞானம். சொல்லும்போது குரல் ஆபீஸ் குரலாக மாறிப்போனது அவருக்கே கேட்டது. "நான் என்ன செய்ய முடியும்?"

ரோசலின் கோபப்படவில்லை. பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ராத்திரி சாரத்த அவுக்கையில டிங்குனு கீழ விழும். காலையில நாந்தான் எடுத்துச் சட்டப்பையில போட்டு அனுப்புவேன். ஒருநாளாவது அவுகளா மாட்டுனதுண்டா? ஓடிப்போற அன்னைக்கா அண்ணாச்சி, மறக்காம மாட்டிட்டுப் போவாக?"

பன்னிரண்டு வருஷத்தில் எந்த விசாரணையும் கேட்காத கேள்வி. அவள் மழை விடும்வரை வெளியே சார்ப்பில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மணி ஐந்துகூட ஆகவில்லை. இந்தத் தீவில் பொழுது மெயின்லாண்டுக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. ஐந்துக்கே கொட்டகைக்குள் மூலைகள் கறுத்துவிடும். மழை தகரத்தில் கூழாங்கல்லைக் கொட்டுவது போலக் கொட்டியது. வெள்ளையடித்த சுண்ணாம்பு வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழுந்து வந்தது. தார், நனைந்த சாக்கு, நாள்பட்ட கயிறு. சிவஞானம் துரையின் நாற்காலியில், தம்முடைய நாற்காலியில், உட்கார்ந்து ஒரு சீட்டை எடுத்தார். மேல்பக்கம் 'பீரங்கிக் குண்டு' என்று அச்சடித்திருந்தது. திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதினார்.

'மிக்கேல் கரைக்கு வரவில்லை. டோக்கனை மாட்டியது நான். சிவஞானம், டைம்கீப்பர்.'

இவ்வளவு சின்ன எழுத்து வேலைக்கா பன்னிரண்டு வருஷம் என்று இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்தார். அவளைக் கூப்பிட வாசல் பக்கம் நாலடி வைத்திருப்பார்.

டும்.

நின்றார். மழைதான். வடக்குப் பக்கத் தகரம் தளர்ந்திருக்கிறது, ஆணி அடிக்கச் சொல்ல வேண்டும்.

டும். கொஞ்சம் நிறுத்தி, டும்.

விளக்கு போயிற்று. வாசல் பக்கமிருந்து பழனிசாமியின் குரல் கேட்டது, "பிஜ்லி போச்சுங்கய்யா, டார்ச் எடுத்தாறேன்" என்று. செருப்புச் சத்தம் மழைக்குள் ஓடி மறைந்தது. சிவஞானம் தம் மேஜையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்தார். வெளிச்சம் தானாகப் பலகைக்குப் போனது. பழக்கம்.

முப்பத்தொன்றாம் கொக்கி காலியாக இருந்தது.

கொக்கி காலி என்றால் ஓர் ஆள் உள்ளே இருக்கிறான். அது பலகையின் சட்டம். சத்தம் பின்மூலையிலிருந்து வந்தது. கீழறையிலிருந்து. கைவிரல் மடக்கித் தட்டும் சத்தம் இல்லை, உள்ளங்கையால் தட்டுவது. களைத்துப்போன கை.

ஓடிவிடலாம். வாசல் எட்டடியில் இருக்கிறது. ரோசலின் இருக்கிறாள், சீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படித்தான் அன்றைக்கும் வீட்டுக்குப் போனார். சந்திரமதி கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்தத் தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். ஒன்றாம் எண்ணை எடுத்துச் சட்டைப்பையில் சீட்டோடு போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, குனிந்து நுழைந்தார்.

"யாருப்பா உள்ள?"

பத்தடிக்குப் பத்தடி அறை அது. அவர் முன்னிலையில்தான் கட்டினார்கள். டார்ச் வெளிச்சம் எதிர்ச்சுவரைத் தொடவில்லை. கீழே சிமெண்டுத் தரை இருக்க வேண்டும். காலடியில் தண்ணீர். குளிர்ந்த தண்ணீர். கணுக்காலில் ஏதோ உரசிக்கொண்டு போனது, வெளிச்சம் காட்டினார், கயிறு. தொட்ட பலகையில் புது மரத்தின் வழவழப்பு இல்லை. பொரிபொரியாக இருந்தது. விரலைக் கிழித்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஓசையில்லாமல்.

திரும்பினார். தள்ளினார். கதவு இருந்த இடத்தில் சுவர்ப்பலகைதான் இருந்தது. டார்ச் மங்கியது. அணைந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. கண்ணை வைத்தார். எதிரே, நாலடித் தூரத்தில், டோக்கன் பலகை.

வெளிச்சம் வந்தது. பழனிசாமியின் பெரிய டார்ச். "அய்யா?" என்று கூப்பிட்டார். மழையிலும் தெளிவாகக் கேட்டது. உள்ளே இருப்பவனுக்கு வெளியே பேசுவதெல்லாம் கேட்கும் என்பது சிவஞானத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று மிக்கேலுக்குப் பாண்டும் கேட்டிருக்கும். பேச்சும்.

கத்தினார். பலகையை அறைந்தார்.

பழனிசாமி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தளர்ந்த தகரத்தைப் பார்ப்பது போல. பிறகு டார்ச்சை டோக்கன் பலகைப் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாக வெளிச்சம் ஓடியது. முப்பத்தொன்று இருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றாம் எண்ணும் இருந்தது.

சிவஞானம் சட்டைப்பையைத் தொட்டார். டோக்கன் அங்கே இருந்தது. வட்டமாக. கனமாக. மறுபடி இடுக்கில் கண்ணை வைத்தார். கொக்கியில் தொங்கிய ஒன்றாம் எண்ணின் விளிம்பில் வெளிச்சம் பட்டது. அரத்தால் ஒரு கீறல்.

சார்ப்பிலிருந்து ரோசலின் ஏதோ கேட்டாள். அண்ணாச்சி தனக்கு ஏதும் கொடுத்துவிட்டுப் போனாரா என்று.

"ஒண்ணும் குடுக்கலீங்களே," என்றார் பழனிசாமி. "பலகை ரொம்பியிருக்கு, எல்லாரும் வந்தாச்சு. அய்யா பின்பக்கமாப் போயிருப்பாரு. சலோம்மா, பந்த் பண்ணணும்."

வெளிச்சம் திரும்பியது. குறுகியது. போயிற்று. பூட்டு விழும் சத்தம். பிறகு ஈர மண்ணில் செருப்பில்லாத கால்கள், அவசரமில்லாமல், மாதா கோயில் பக்கமாக.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. பையிலிருந்த சீட்டு கூழாகி விரலில் ஒட்டியது. தூரத்தில் ஆறு மணிப் பூசைக்கு முதல் மணி அடித்தார்கள்.

இருட்டில், தோளுக்கு மிக அருகே, யாரோ மூச்சு விட்டார்கள். காய்ச்சல்காரனின் சூடான மூச்சு. கோபமே இல்லாத குரல்.

"அண்ணாச்சி, நம்ம டோக்கன மாட்டியாச்சா?"

சிவஞானம் சுவர்ப்பலகையைத் தட்டினார். உள்ளங்கையால் தட்டினார். டும், டும். கொஞ்சம் நிறுத்தி, டும்.

தட்டியது இரண்டு கைகள். அவருடையது ஒன்றுதான்.